இடது கைப் பெருவிரலில் ஊதா

டாக்டரம்மா அந்த வேலையை என் தலையில் கட்டியபோது நான் இருமல் மருந்தை அளந்து சிறிய பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“புதுக் கட்டடத்துல நுழையற இடத்துல ஒரு பலகை மாட்டணுமாம். இந்த நிலையம் எப்படி ஆரம்பிச்சுது, யார் யார் இருந்தாங்க, எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள வரணும். நீங்க எழுதிடுங்க.”

“எனக்கு எழுதிப் பழக்கமில்லையே, மேடம்.”

“சாப்பிடறப்பகூட புத்தகத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. படிச்சதெல்லாம் எங்கதான் போகுது?”

நான் அடுத்த பாட்டிலை எடுத்தேன். நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

எங்கள் சுகாதார நிலையம், அலுவலகக் கோப்பின்படி, முதல் டாக்டர் பொறுப்பேற்ற நாளில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இங்கே யாருக்கும் காய்ச்சலே வந்ததில்லை என்பதுபோல் கோப்பு பேசும். ஆனால் சுற்றுவட்டாரத்தில் வயதான யாரைக் கேட்டாலும் வேறு கதைதான். கால்நடை மருந்தகத்தின் பின் அறையில் தொடங்கியது அது. முன் அறையில் மாடு, பின் அறையில் மனிதர். மருந்தகத்தின் உதவியாளர் ஒருவரே இரண்டையும் பார்த்தார். முதலில் யாரையும் கேட்காமல் செய்தார். பிறகு மேலிடம் கண்டும் காணாததுபோல் மருந்து அனுப்பியது. பிறகு ஏதோ ஒரு பயிற்சி, ஒரு ஆயா, ஒரு பழைய பால் வேன், அதற்கு ஒரு ஓட்டுநர். எல்லோரும் அவரை மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் என் அப்பா.

சில வருஷங்கள் அப்படி நடந்து, ஒரு நாள் நின்றுபோயிற்று. அப்புறம் கொஞ்ச காலம் ஒன்றுமே இல்லை. பிறகு டாக்டர் வந்தார், கோப்பு தொடங்கியது. அப்பா முன் அறைக்குத் திரும்பி, ஓய்வு பெறும்வரை மாடுகளை மட்டும் பார்த்தார். நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஏன் நின்றது என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கேட்கும் பழக்கம் கிடையாது. அப்பாவும் நானும் ஒரு மழைக்காலம் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து, குடை எங்கே என்பதற்கு மேல் பேசாமல் இருந்திருக்கிறோம். அதில் வருத்தமும் இல்லை.

இப்போது அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. வாசலிலிருந்து சமையலறை வருவதற்குள் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொள்கிறார். அவர் கண்ணால் பார்க்கிற காலத்திலேயே அந்தப் பலகையில் அவர் இருக்க வேண்டும். இருமல் மருந்தின் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சொன்னேன்.

“நிலையத்தோட வரலாற எழுதச் சொல்லியிருக்காங்கப்பா. பின் ரூம்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.”

அப்பா துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“நம்மளப் பத்தி ஒண்ணும் வேண்டாம்.”

“ஏன்ப்பா?”

துண்டு மூன்றாவது முறையும் மடிபட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“கேள்வி போய்ச் சேந்துடுச்சு. பதில் நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சாப்பிட வரலாம்,” என்றாள். பிறகு தட்டு வைத்துக்கொண்டே, “அப்பாவும் மகனும் பேசிக்கறதப் பாத்தா ரெண்டு அலமாரிய எதிரெதிர்ல போட்ட மாதிரி இருக்கு,” என்றாள்.

அவள் சொன்னது போலவே பதில் மறுநாள் காலையில் வந்தது. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

“தையல்காரர் அங்க வருவார் இல்ல?” என்றார் அப்பா.

“மாசாமாசம் வருவார். சர்க்கரை மாத்திரைக்கு.”

“அவர் வந்து அதப் படிக்கணுமா?”

அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையல்காரரின் பெண் குழந்தை ஒன்று தட்டம்மையில் இறந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அதையும் அப்பாவையும் சேர்த்து யாரும் என் காதில் சொன்னதில்லை. அல்லது, சேர்த்துச் சொல்ல வரும் இடத்தில் நான் வந்துவிட்டதைப் பார்த்துப் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருந்தன. உங்கப்பாதான் ஆரம்பிச்சு வெச்சார் என்பார்கள். அடுத்த வாக்கியம் வராது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓட்டுநரிடம் போனேன். பால் வேனை ஓட்டியவர். இப்போது மகனுடைய வண்டிப் பட்டறையில் ஒரு பழைய கார் இருக்கையைப் போட்டு அதில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிற எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருப்பார்.

“வாய்யா மாத்திர. என்ன, இன்னைக்கு யாருக்கும் சீக்கு இல்லையா?”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மாமா. அப்பாவோட காலத்துல நிலையம் எப்படி நடந்துச்சுன்னு.”

“எங்க நடந்துச்சு? தள்ளிக்கிட்டுல்ல போனோம்.” தன் நகைச்சுவைக்குத் தானே தலையாட்டினார். “உங்கப்பன் ஊசி போட்டா வலிக்காதுன்னு பேரு. ஏன் தெரியுமா? எருமத் தோல்ல ஊசி ஏத்தின கை. நம்ம தோலெல்லாம் அவருக்குக் காகிதம். ஒரு கெழவன் ஊசி போட்டுக்கிட்டு எந்திரிச்சு, ‘இப்ப நான் கூடுதலா பால் கறப்பேனா டாக்டரே’ன்னு கேட்டான். உங்கப்பன் அதுக்கும் சிரிக்கல. ‘ரெண்டு நாள் பாக்கலாம்’னுட்டார்.”

பட்டறைக்குள்ளிருந்து மகனும் சிரித்தான். அவன் ஒரு வண்டிக்கடியில் படுத்திருந்தான், கால்கள் மட்டும் தெரிந்தன.

“தட்டம்மை ஊசி போட்டப்போ நீங்க இருந்தீங்களா?”

ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் இல்லாம பெட்டி எப்படி வரும்? பனிக்கட்டிப் பெட்டி. மருந்து அதுக்குள்ள. நான்தான் போய் எடுத்துட்டு வந்தேன், உங்கப்பனும் கூட வந்தார். வர்ற வழியில ஆத்தக் கடக்கறப்ப வண்டி நின்னுபோச்சு. வெயிலுன்னா வெயிலு. தள்ளி, காய வெச்சு, மறுபடி கிளப்பறதுக்குள்ள மதியம் தாண்டிடுச்சு. உங்கப்பன் பெட்டியத் திறந்தார். பனிக்கட்டி எல்லாம் தண்ணி. ஒரு குப்பிய எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பாத்தார்.”

“அப்புறம்?”

“அப்புறம் மூடிட்டார். ‘போலாம்’னார்.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“அந்த மனுஷன் நாலு வார்த்த சேந்தாப்ல பேசினா அன்னைக்கு மழ. உனக்குத் தெரியாததா?”

அந்த மருந்து சூடுபட்டால் என்னவாகும் என்பது எனக்குத் தெரியும். இன்றுவரை என் வேலையில் பாதி அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான். சூடுபட்டால் அது விஷமாகாது. வெறும் தண்ணீராகும். போட்டுக்கொண்டவர் போட்டுக்கொண்டதாக நம்பிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அப்படியானால் அப்பா தெரிந்தே தண்ணீரைப் போட்டாரா? அல்லது அந்தக் காலத்தில் அவருக்கு அது தெரியாதா? கன்னத்தில் வைத்துப் பார்த்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

“ஆனா ஒண்ணு,” என்று ஓட்டுநர் மோவாயைச் சொறிந்தார். “வண்டி ஆத்துல நின்னது அந்த வருஷமா, மாட்டுக்கெல்லாம் கோமாரி வந்த வருஷமான்னு இப்ப சந்தேகமா இருக்கு. ரெண்டுக்கும் அதே பெட்டிதானே.”

வண்டிக்கடியிலிருந்து மகனின் குரல் வந்தது. “போன வாரம் ஆறே இல்ல, ரயில்வே கேட்டுன்னு சொன்னீங்க.”

“நீ நட்ட முறுக்குடா.”

அங்கிருந்து ஆயாம்மா வீட்டுக்குப் போனேன். அவர் மகளோடு இருக்கிறார். நான் போனபோது முறத்தில் பயறு பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நான் கேட்டதும் அவர் கையை நிறுத்தவில்லை.

“உங்கப்பாவுக்கு ஊதா ஒரு வழக்கம்,” என்றார். “மாட்டுக்கு ஊசி போட்டதும் இடது கொம்பு அடியில ஒரு பொட்டு வெப்பார், புண்ணுக்குத் தடவற ஊதா மருந்தால. போட்டது எது, போடாதது எதுன்னு தூரத்துலேர்ந்தே தெரியும். குளிச்சாலும் நாலு நாளைக்குப் போகாது. மனுஷங்களுக்கும் அதேதான். இடது கையில ஊசி, இடது கைப் பெருவிரல்ல ஒரு பொட்டு. எங்க பெரிய பிள்ளைக்குக் கல்யாணம் பேச வந்தன்னைக்குக்கூட ஊதா விரலோட போய் நின்னான்.”

“தட்டம்மை ஊசிக்கும் வெச்சாரா?”

“வெச்சார். அதுலதான் வினையே.”

அவர் சொன்னது இது. அன்று மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். வண்டி தாமதமாக வந்ததால் எல்லோருக்கும் பசி. வரிசை உடைந்தது, சேர்ந்தது, மறுபடி உடைந்தது. விரலில் ஊதா இருந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். இல்லாத பிள்ளையை வரிசைக்குத் தள்ளினார்கள். பிள்ளைகளுக்கு அது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஊதா பாட்டில் ஜன்னல் கட்டையில் திறந்தே இருந்தது. பின்பக்கம் போய் ஒருவருக்கொருவர் பொட்டு வைத்துக்கொண்டார்கள். ஊசியில்லாமல் ஊதா.

“நோவு பரவினப்பறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. வீடு வீடாப் போனோம். சில பிள்ளைங்களுக்கு வலது கையில பொட்டு இருந்துச்சு. எதிர்ல நின்னு ஒருத்தரப் பாத்து ஒருத்தர் வெச்சா அப்படித்தானே ஆகும்? அவன் இடது பக்கம் இவனுக்கு வலது பக்கம். வலது கையில இருந்தா திருட்டுப் பொட்டுன்னு கண்டுபிடிச்சோம். அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் அப்புறம் போட்டோம். தையல்காரர் பொண்ணுக்கு அதுக்குள்ள உடம்பு கொதிச்சுப்போச்சு.”

முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சுவரோரம் போட்டார்.

“அவளுக்கு எந்தக் கையில இருந்துச்சு பெரியம்மா?”

“வலது கை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” பயறு ஒட்டிய விரலை நீட்டி என் கையைத் தொட்டார். “இந்தக் கை.”

“இது என் இடது கை.”

அவர் என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். “அவ எனக்கு எதிர்லதான் படுத்திருந்தா. தல அந்தப் பக்கம்.”

“அப்ப அவளுக்கு இடதா?”

“இல்ல, நான் குனிஞ்சு பாத்தேன்… வாசப் பக்கம் இருந்த கை.” விரலை முறத்துக்கு இழுத்துக்கொண்டார். “என்னைக் குழப்பாதப்பா. இத்தன வருஷமா வலதுன்னுதான் வெச்சிருக்கேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகள் தேநீர் கொண்டுவந்தாள். மூவரும் குடித்தோம். அதற்கப்புறம் ஆயாம்மா கல் பொறுக்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்து வீடு திரும்பும்போது எத்தனையோ முறை கைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டேன். எதிரே வந்த ஒரு ஆள், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இடது என்றால் அப்பா அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார். போட்டது சூடான மருந்து. வலது என்றால் போடவில்லை. பொட்டைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். எது அப்பாவுக்கு நல்லது? வழியெல்லாம் இதையே யோசித்தேன். ஒரு சமயம் இடதாக இருக்கட்டும் என்று தோன்றியது, பாலத்தைத் தாண்டியதும் வலதாக இருக்கட்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் மாறப்போவதில்லை என்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நேராகவே கேட்டேன். எங்கள் வீட்டில் அது புதுசு. மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் குழாயைத் திறக்கவில்லை.

“பெட்டி சூடாச்சுன்னு டிரைவர் மாமா சொல்றார். பிள்ளைங்களே பொட்டு வெச்சுக்கிட்டாங்கன்னு ஆயாம்மா சொல்றாங்க. எதுப்பா நிஜம்?”

நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வரும். சொல்லப்போனால் அது மட்டும்தான் எனக்கு நன்றாக வரும்.

“ரெண்டும் நடந்துச்சு,” என்றார்.

“ரெண்டுமா?”

“கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருக்குன்னு நினைச்சேன். திருப்பி அனுப்பினா அடுத்த தடவ மருந்து எப்ப வரும்னு தெரியாது. பிள்ளைங்க காத்துக்கிட்டிருந்தாங்க.” மூச்சு வாங்கியது, நிறுத்தினார். “பொட்டு வெச்சுக்கிட்டதும் நிஜம். மாடு தானே பொட்டு வெச்சுக்காது. எனக்கு அது தோணல.”

“அந்தப் பொண்ணுக்கு?”

“ஞாபகம் இல்ல. அத்தன பிள்ளைங்க. எத்தனையோ தடவ நினைச்சுப் பாத்துட்டேன். அவ கைய நான் பிடிச்ச மாதிரியும் இருக்கு. பிடிக்காத மாதிரியும் இருக்கு.” கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். “போட்டிருந்தா மருந்தால தப்பு. போடலைன்னா பொட்டால தப்பு. ரெண்டும் என்னோடதுதான். ஆனா எதுன்னு தெரிஞ்சா அந்த ஒண்ண மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.”

“தையல்காரர்கிட்டயே கேட்டிருக்கலாமே.”

“எந்த முகத்த வெச்சுக்கிட்டு?” பிறகு, நான் எழுந்துகொள்ளும் சமயத்தில், “அவருக்குத் தெரியும். ராத்திரி பகலா கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவர்,” என்றார்.

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

தையல்காரரின் கடை கடைவீதியின் முனையில் இருக்கிறது. ஒரு தையல் இயந்திரம், ஒரு பலகை மேசை, சுவர் முழுக்கத் தைத்து முடித்து வாங்க வராத சட்டைகள். அன்று மேசை மேல் பச்சைத் துணி மலைபோலக் கிடந்தது. புதுக் கட்டடத்தின் ஜன்னல் திரைகள்.

“திரைக்கு அவசரப்படுத்த வந்தியா? போய் உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லு, ஜன்னல எல்லாம் ஒரே அளவுல கட்டியிருந்தா என்னிக்கோ முடிஞ்சிருக்கும். கொத்தனார் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கான்.”

“திரைக்கு வரல, அண்ணாச்சி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். மிதிப்பதை நிறுத்தினார். சக்கரம் மட்டும் இன்னும் கொஞ்சம் சுற்றி நின்றது. ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பலகையைச் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன். பொட்டைச் சொன்னேன். எந்தக் கை என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கைகளையும் துணிமேல் நீட்டி வைத்தார். ஒன்றைப் பார்த்தார், பிறகு மற்றதைப் பார்த்தார். எதையோ பிடிப்பதுபோல் வலது கையின் விரல்களை மடக்கினார். விட்டார். இடது கையின் விரல்களை மடக்கினார். கடைவீதியில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போயிற்று.

“நீ வந்து கேக்கற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு,” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கட்டிலுக்கு இந்தப் பக்கமும் உக்காந்திருக்கேன், அந்தப் பக்கமும் உக்காந்திருக்கேன். விரல்ல ஊதா இருந்துச்சு. அது நிஜம். தேச்சுத் தேச்சு விட்டேன், போகல.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “உங்கப்பா அனுப்பினாரா?”

“இல்ல. அவர் தன்னைப் பத்தி எழுதவே வேண்டாம்னு சொல்லிட்டார். நீங்க படிக்க வேண்டியிருக்குமேன்னு.”

“அவர விட்டுட்டு எங்கேர்ந்து எழுதுவ?”

“டாக்டர் வந்த நாள்லேர்ந்து. கோப்புல இருக்கற மாதிரி.”

“அப்ப என் பொண்ணு எங்க இருப்பா?”

எனக்குப் புரியவில்லை. புரியாதது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“டாக்டர் எதுக்கு வந்தார்னு நினைக்கற? இந்த ஊரு மேல ஆசப்பட்டா? அவ போனதுக்கப்புறம்தான் மேலேர்ந்து ஜீப்புல ஆளுங்க வந்தாங்க. மாட்டு டாக்டர் எப்படி மனுஷனுக்கு ஊசி போடலாம்னு சத்தம் போட்டாங்க. மருந்த அனுப்பினதே அவங்கதான். பின் ரூம மூடினாங்க. நாங்க போய் நின்னு, சண்ட போட்டு, அப்புறம்தான் டாக்டர். டாக்டர் வந்த நாள்லேர்ந்து எழுதினா, அவ அதுக்கு முன்னாடியே போயிட்டா பாரு.” துணியின் ஓரத்தை எடுத்து நேராக்கினார். “உங்கப்பா இருந்தாத்தான் அவ இருப்பா. அவரையும் எழுது. அவளையும் எழுது. எந்தக் கைன்னு தெரியலன்னா, தெரியலன்னு எழுது.”

“உங்களுக்கு அவர் மேல…” என்று ஆரம்பித்தேன்.

“அதக் கேக்காத,” என்றார். “அதுக்குப் பதில் ஒரு நாளைக்கு ஒண்ணா இருக்கு.”

சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியது. நான் எழுந்து வந்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது தையல்காரர் கடைசியில் எழுதச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை என்று நினைக்கிறேன். “அவருக்கே தெரியலையா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “அவருக்குமா?” என்றார். உலகத்தில் ஒரு ஆளுக்காவது அது தெரியும் என்ற நம்பிக்கையில் அத்தனை வருஷம் இருந்திருக்கிறார். நான் போய் அதைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நல்லது செய்தேனா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தையல்காரருக்குத் தெரிந்திருக்கிறதே என்ற பயத்தோடு இருப்பது மேலா, யாருக்குமே தெரியாது என்ற வெறுமையோடு இருப்பது மேலா?

எழுதி முடிக்க ரொம்ப நாளாயிற்று. முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘தன்னலமற்ற பணி’ என்று ஒரு இடத்தில் போட்டிருந்தேன். “அது வேண்டாம்,” என்றார். அடித்தேன். ‘மருத்துவ வசதியே இல்லாத அந்நாளில்’ என்று இருந்தது. “சாக்கு சொல்ற மாதிரி இருக்கு,” என்றார். அதையும் அடித்தேன். மீதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லாததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன், டாக்டரம்மா என்னிடம் எடுத்துக்கொள்வதுபோல.

டாக்டரம்மா நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

“‘தெரியவில்லை’ன்னு யாராவது பலகையில எழுதுவாங்களா? வெளியிலேர்ந்து பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க.”

“தெரிஞ்சா மாத்திடலாம் மேடம்.”

“ஒரு வரிதானே. எடுத்துடுங்களேன். ‘தட்டம்மையால் ஒரு குழந்தை இறந்தது’ன்னு விட்டுடலாம்.”

“எடுத்தா மீதி எல்லாம் பொய்யாயிடும்போல இருக்கு,” என்றேன். அது ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் கேட்கவில்லை. என்னிடமிருந்து அவ்வளவு நீளமான பதில் வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். தாளை மேசை இழுப்பறையில் வைத்தார். நான் பேசாமல் நின்றேன். இந்த முறை அது சம்மதம் இல்லை என்பது அவருக்கும் புரிந்தது. இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தபோது ஒரு வார்த்தையும் மாறியிருக்கவில்லை.

“பலகை செய்யறவர், எழுத்து ஜாஸ்தி, சின்னதாத்தான் வரும்னு சொல்றார்,” என்றார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்தான் கேட்டார், கூட்டம் இல்லாதபோது பார்க்க வேண்டும் என்று. புதுச் சுண்ணாம்பு வாசனை. பெஞ்சுகளுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. தையல்காரர் ஒரு நாற்காலிமேல் நின்று கடைசித் திரையை மாட்டிக்கொண்டிருந்தார். அது ஒரு பக்கம் சற்று நீளமாகத் தொங்கியது. அப்பாவைப் பார்த்ததும் இறங்கினார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை. இருவரும் பலகைக்கு முன்னால் போய் நின்றார்கள், நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டு.

எழுத்து சின்னதாகத்தான் இருந்தது. தையல்காரர் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்திப் படித்தார். வாய்க்குள்ளேயே படித்தாலும் உதடு அசைவில் எந்த வரியில் இருக்கிறார் என்று தெரிந்தது. கால்நடை மருந்தகத்தின் பின் அறை. உதவியாளர். பால் வேன். தட்டம்மை. பிள்ளைகளின் விரல்களில் வைத்த ஊதா. ‘அவர்களில் ஒரு பெண் குழந்தை இறந்துபோனாள். அவளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா, மருந்து கெட்டிருந்ததா என்பது இன்றுவரை தெரியவில்லை.’ அதற்குப் பிறகு டாக்டர்.

“சரியாத்தான் எழுதியிருக்கான்,” என்றார் தையல்காரர், பலகையைப் பார்த்தபடியே.

“எது சரி?” என்றார் அப்பா.

“தெரியலன்னு போட்டிருக்கானே. அந்த எடம்.”

அப்பா தலையாட்டினார். நான் பின்னால் ஒரு பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி இவர்கள் இப்படியே நிற்பார்கள், பிறகு ஆளுக்கொரு பக்கம் போவார்கள் என்று நினைத்தேன். அப்பாதான் பேசினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு நடுவே.

“ஊசின்னா பயப்படுவாளா?”

தையல்காரர் அவர் பக்கம் திரும்பினார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்று தெரிந்தது.

“ரொம்ப,” என்றார். “ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்து, கை வலிக்குது கை வலிக்குதுன்னு ஒரே பாட்டு. அவங்கம்மா ஒத்தடம்கூட குடுத்தா.” பலகைப் பக்கம் திரும்பினார். “பொய்யாவும் இருக்கலாம். நல்லா பொய் சொல்வா அவ. இந்த வட்டாரத்துலயே அவள மாதிரி பொய் சொல்ல ஆளில்ல.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமை இருந்தது. அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தையல்காரர் பெஞ்சின் பிளாஸ்டிக் உறையை ஒரு ஓரத்தில் கிழித்து, அப்பா உட்கார இடம் செய்தார்.